ஒரு முழத்துக்குள் இரண்டு விரியன்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் விரியன் என்ற சொல் காதில் விழுந்தால் பலருக்கும் கண்ணாடி விரியன்தான் நினைவுக்கு வரும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல் வரப்புகளிலும் வாழைத் தோப்புகளிலும் எலியைத் தேடி வரும் கனத்த பாம்பு அது. முதுகில் வரிசையாகக் கரும்பழுப்பு வட்டங்கள் இருக்கும். ஆள் நெருங்கினால் உரக்கச் சீறும். அதைப் பற்றி இந்தப் பகுதி விவசாயிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேனி மாவட்டத்தில் இன்னும் இரண்டு விரியன்கள் இருக்கின்றன. இரண்டுமே ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும் அளவு. இரண்டுமே மண்ணோடும் சருகோடும் கலந்துவிடும் நிறம். பெரும்பாலும் கடித்த பிறகுதான் கண்ணில் படும். ஒன்று, ஆண்டிபட்டி, வருசநாடு பக்கத்துக் கரடுகளிலும் முள்காடுகளிலும் வாழும் சுருட்டை விரியன். மற்றது, மேற்கு மலைகளின் ஈரச் சருகுக்குள் வாழும் திமில்மூக்குக் குழிவிரியன். அடிபட்டுச் செத்த நிலையில் இரண்டையும் அருகருகே போட்டால் படித்தவர்களே தடுமாறுவார்கள், தடுமாறியும் இருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் இருக்கும் விஷமுறிவு மருந்து முதல் பாம்பின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. இரண்டாவது பாம்பின் விஷத்துக்கு அது கேட்பதில்லை.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் பெண்களே அதிகம். மாலையில் அதே ஜீப்பில் திரும்பி, இருட்டும் நேரத்தில் வீட்டு விறகை எடுக்கக் குனிகிறார்கள். ஒரே நாளில் இரண்டு விரியன்களின் வாழிடத்தையும் கடந்து வருகிறவர்கள் இவர்கள்.

முதலில் கீழே இருப்பதைப் பார்ப்போம். சுருட்டை விரியன் அறிவியல் ஏட்டில் ஏறியதே தமிழ்நாட்டிலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் ஒரு பெரிய படநூல் வெளியிட்டார். அதில் ஆரணியிலிருந்து கிடைத்த ஒரு சிறு பாம்பும் இடம்பெற்றது. 1801-இல் ஜெர்மானிய அறிஞர் யோகான் ஷ்னைடர் அதற்கு இலத்தீன் பெயர் வைத்தார். எக்கிஸ் கரினேட்டஸ் என்று இன்று உலகம் அழைக்கும் பாம்புக்கு மூல ஊர் நம் ஆரணி.

தென்னிந்தியாவில் வளர்ந்த சுருட்டை விரியன் பெரும்பாலும் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வடமேற்கு இந்தியாவின் பாலைநிலங்களில் வாழும் அதன் உறவு இதைவிட நன்றாக நீளும். இங்குள்ளது கட்டைவிரல் பருமன்தான். நிறம் அந்தந்த மண்ணுக்குத் தக்கபடி மணல் பழுப்பு, செங்கல் பழுப்பு, சாம்பல் என்று மாறும். முதுகின் நடுவே கருவிளிம்பு கொண்ட வெளிர் புள்ளிகள் வரிசையாக ஓடும். இரண்டு பக்கங்களிலும் அலை அலையாக ஒரு வெள்ளைக் கோடு. தலை உச்சியில் பறவைக் கால்தடம் போன்ற வெளிறிய குறி. கண் பெரியது, பாப்பா செங்குத்துக் கோடாக இருக்கும். உடலில் பளபளப்பே இருக்காது. செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு இருப்பதால் தோல் சொரசொரப்பாகத் தெரியும்.

நிறத்தை நம்பி மட்டும் முடிவெடுக்க முடியாது. நம்பத்தகுந்த அடையாளம் அதன் நடத்தை. தொந்தரவு செய்யப்பட்டால் சுருட்டை விரியன் பெரும்பாலும் உடனே ஓடாது. உடலைப் பல வளைவுகளாக மடித்துக்கொண்டு, தலையை அந்த வளைவுகளின் நடுவே நிறுத்தி, வளைவோடு வளைவை ஓயாமல் உரசும். பக்கவாட்டுச் செதில்கள் சாய்வாக அடுக்கப்பட்டு, அவற்றின் மேடுகள் ரம்பப் பல் போல வெட்டுப்பட்டவை. அதனால் உரசும்போது மணல்தாளைத் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு எழும். வாயால் சீறினால் மூச்சோடு ஈரமும் வெளியேறும். தண்ணீர் கிடைக்காத நிலத்தில் அந்த இழப்பைத் தவிர்க்கவே இந்த உரசல் ஏற்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இந்த ஓசையைக் கேட்டும் ஒருவர் அருகில் போனால், இவ்வளவு சிறிய பாம்பு இவ்வளவு வேகமாகப் பாயும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பகலில் கல்லுக்கு அடியில், பாறை இடுக்கில், கள்ளிப் புதரின் வேரடியில் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். முதல் மழைக்குப் பிறகு நடமாட்டம் கூடும். மணலில் பக்கவாட்டாக உடலை எற்றி எற்றி நகரும் வித்தையும் அதற்குத் தெரியும். இரையோ தேள், பூரான், பல்லி, தவளை, சுண்டெலி என எதுவாகவும் இருக்கலாம். ஆப்பிரிக்காவில் இதே பேரினத்தைச் சேர்ந்த பல பாம்புகள் முட்டையிடுகின்றன; நம் ஊர்ச் சுருட்டை குட்டி போடுகிறது. கூழாங்கல் நிறத்தில் விரல் நீளத்துக்குக் கிடக்கும் அந்தக் குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு.

சுருட்டை என்று நினைத்து அடிக்கப்படும் பாம்புகளில் பூனைப் பாம்பு முக்கியமானது. அதுவும் பழுப்பு. அதற்கும் முதுகில் வெளிர் குறிகள் உண்டு. அதன் கண்ணிலும் பாப்பா செங்குத்துதான். மிரண்டால் அதுவும் உடலை மடித்துத் தலையை உயர்த்திப் பாயும். பார்த்தவர் பயந்து கம்பை எடுப்பதில் வியப்பில்லை. ஆனால் பூனைப் பாம்பின் செதில்கள் வழவழப்பானவை, உடல் ஒல்லி, வால் நீளம், கழுத்து மிக மெல்லியது. அதன் விஷம் பல்லியை மயக்கப் போதுமானது, மனிதரை ஒன்றும் செய்யாது. முக்கோணத் தலை என்றால் விரியன் என்று பள்ளிப் பருவத்திலிருந்து சொல்லிவரும் இலக்கணம் இங்கே உதவாது. விஷமற்ற பல பாம்புகள் மிரளும்போது தாடையை விரித்துத் தலையை முக்கோணமாக்கிக் காட்டும். கடிவாயில் இரண்டு பல் பதிந்திருந்தால்தான் விஷப்பாம்பு என்பதும் அப்படித்தான். ஒற்றைப் பல் மட்டும் பதிந்த விரியன் கடி உண்டு. துணிமேல் பட்டு வெறும் கீறலாகத் தெரியும் கடியும் உண்டு.

சுருட்டை விரியனின் விஷம் செய்யும் வேலை விசித்திரமானது. அதில் உள்ள எக்காரின் என்ற பொருள், ரத்தத்தை உறையவைக்க உடல் சேமித்து வைத்திருக்கும் புரதங்களைத் தேவையில்லாமல் தூண்டிவிடுகிறது. ரத்தக் குழாய்களுக்குள் ஓயாமல் நுண்ணிய உறைவுகள் உண்டாகி உண்டாகிக் கரைகின்றன. சில மணி நேரத்தில் உறையவைக்கும் பொருள் தீர்ந்துபோகிறது. பிறகு பல் ஈறில், ஊசி குத்திய இடத்தில், பழைய புண்ணில், சிறுநீரில் ரத்தம் கசியத் தொடங்குகிறது. கடித்த இடத்தில் சிறிது வீக்கம், பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி. அதனால்தான் ஆபத்து. "சின்னப் பாம்புதானே" என்று மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டுப் படுக்கிறவர், மறுநாள் காலையில் பல் விளக்கும்போது வாயில் ரத்தத்தைப் பார்க்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவமனைகளில் செய்யும் சோதனை மிக எளிமையானது. நோயாளியின் ரத்தத்தில் சில மில்லிலிட்டரைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரிய ஆய்வகம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்யலாம். குழாய் கண்ணாடியால் ஆனதாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது.

இதே விஷத்தின் வழியாக ஒரு நன்மையும் கிடைத்திருக்கிறது. சுருட்டை விரியனின் விஷத்தில் எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதம் உண்டு. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அது தடுக்கும். அதை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்ட டைரோஃபிபன் என்ற மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாரடைப்பு நோயாளிகளுக்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து அது. ஆண்டிபட்டிக் கரட்டில் கல்லுக்கடியில் சுருண்டு கிடக்கும் பாம்புக்கும் நகரத்து இதயநோய்ப் பிரிவுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

இனி மலையேறுவோம். சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் போகும் பாதையில் முள்மரமும் பாறையுமாகத் தொடங்கும் காடு, வளைவுகள் ஏற ஏறப் பச்சையாகி, 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களும் மழைக்காடுமாக மாறிவிடும். குமுளிப் பக்கமும் போடிமெட்டுப் பக்கமும் அப்படியே. வறண்ட திறந்த நிலத்தை விரும்பும் சுருட்டை விரியனுக்கு அந்த ஈரம் ஒத்துவராது. அதன் இடத்தை அங்கே பிடித்திருப்பது திமில்மூக்குக் குழிவிரியன். அறிவியல் பெயர் ஹிப்னேல் ஹிப்னேல். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பாம்பு. மலையாளத்தில் அதை முழமூக்கன் குழிமண்டலி என்பார்கள். ஏலத் தோட்டத்துக்குப் போகும் நம்மவர்கள் காதில் இந்த மண்டலி என்ற சொல் விழுந்திருக்கும். மலையாளத்தில் விரியன் வகைகளுக்கெல்லாம் அதுதான் பெயர்.

இதுவும் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரைதான். பழுப்பு உடலில் இரண்டு பக்கமும் கரும்பழுப்புத் திட்டுகள், கண்ணிலிருந்து கழுத்து வரை ஒரு கருங்கோடு. மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கி, சிறு திமில் வைத்தாற்போல இருக்கும். கண்ணுக்கும் நாசித் துவாரத்துக்கும் நடுவே இன்னொரு குழி இருக்கும். வெதுவெதுப்பான உடலை இருட்டிலும் உணரும் உறுப்பு அது. குழிவிரியன் என்ற பெயர் அதனால் வந்தது. சுருட்டை விரியனுக்கு இந்தக் குழி கிடையாது. தலையையும் ஒப்பிடலாம். சுருட்டையின் தலை முழுக்கச் சின்னஞ்சிறு சொரசொரப்புச் செதில்கள். திமில்மூக்கனுக்கு மூக்கருகில்தான் சிறு செதில்கள். நெற்றியிலும் உச்சியிலும் பெரிய தட்டையான கேடயச் செதில்கள். கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இந்த இரண்டு வேறுபாடுகளும் தெரிந்துவிடும். பாம்பை நெருங்கித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. நெருங்கவும் கூடாது.

திமில்மூக்கனின் குட்டிகளுக்கு வால் நுனி மட்டும் வெளிறியிருக்கும். சருகுக்குள் உடலை மறைத்துக்கொண்டு அந்த நுனியை மட்டும் புழு நெளிவது போல ஆட்டும். புழுவென்று நம்பி வரும் தவளையோ அரணையோ அதற்கு இரை. பொறுமையாக ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கிடந்து வேட்டையாடும் பாம்பு இது. ஆள் வருவதை உணர்ந்தாலும் இடத்தை விட்டு நகராது. காடுகளில் இதனால் பெரிய பிரச்சினை இல்லை. ஏலத் தோட்டத்தில் பிரச்சினை.

ஏலச் செடியின் காய், மேலே கிளையில் தொங்குவதில்லை. செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படர்கிறது. காய் அந்தச் சரத்தில்தான் பிடிக்கிறது. எடுக்கிறவர் குத்தவைத்து உட்கார்ந்து, தூரைச் சுற்றி மூடியிருக்கும் சருகை விரலால் விலக்கி, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். மரநிழல், ஈரம், சருகு, தவளை எல்லாம் ஒருசேர இருக்கும் அந்தத் தூரடிதான் திமில்மூக்கனுக்கும் உகந்த இடம். கம் பூட்ஸ் போட்டால் கால் தப்பும், கைவிரல் தப்பாது. தடித்த கையுறையோடு காய் பறிக்க முடியாது என்பது வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். சிறு குச்சியால் சருகைக் கிளறிவிட்டுப் பிறகு கைவைப்பது, வேலையைச் சற்றுத் தாமதப்படுத்தினாலும், விரலைக் காப்பாற்றும் பழக்கம். தோட்டக் கணக்கில் அந்தத் தாமதத்துக்கு இடம் கொடுப்பது முதலாளிகளின் கடமை.

இந்தப் பாம்பு கடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றுதான் இந்தியாவில் நெடுங்காலம் நம்பினார்கள். கடித்த இடம் வீங்கும், கொப்பளிக்கும், சில நாளில் ஆறும் என்றார்கள். பெரும்பாலோருக்கு நடப்பதும் அதுதான். ஆனால் கேரளத்தின் அங்கமாலி மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. உறுதியாக அடையாளம் காணப்பட்ட திமில்மூக்குக் குழிவிரியன் கடிகளில் ரத்தம் உறையாமல் போனதையும், சிறுநீரகம் பழுதானதையும், விஷமுறிவு மருந்து கைகொடுக்காததையும் அவர்கள் பதிவுசெய்தார்கள். இந்தப் பாம்பு சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணப்பட்டு வந்ததும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. பாம்பின் பெயர் தவறினால், மருந்து வேலை செய்யாதபோது மருந்தின் மீதே சந்தேகம் வருகிறது. மேலும் மேலும் குப்பிகள் ஏற்றப்படுகின்றன. அந்த மருந்துக்கே ஒவ்வாமை உண்டு என்பதால் நோயாளிக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

கடல் தாண்டினால் இலங்கையில் இந்த அனுபவம் இன்னும் பழையது. அங்கே ஹிப்னேல் பேரினத்தில் மூன்று இனங்கள் உண்டு. விஷப்பாம்புக் கடிகளில் பெரும்பங்கு இவற்றுடையது. ரப்பர், தேயிலை, தென்னைத் தோட்டங்களில் வேலைசெய்கிறவர்கள்தான் அதிகம் கடிபடுகிறார்கள். இலங்கை மருத்துவமனைகள் பயன்படுத்துவது இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துதான். அதனால் அவர்களுக்கும் இதே கையறு நிலை.

மருந்து ஏன் கேட்பதில்லை என்பதற்கு விளக்கம் சுலபம். இந்தியாவின் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை மட்டும் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் செய்யப்படுவது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதியை நெடுங்காலமாகத் தந்துவருபவர்கள், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். ஒரு குப்பி மருந்து 4.5 மில்லிகிராம் சுருட்டை விஷத்தை முறிக்க வேண்டும் என்பது விதி. கண்ணாடி விரியனுக்கு அதே குப்பியின் அளவு 6 மில்லிகிராம். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான், ஏனென்றால் பாம்பு ஆளின் எடை பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. இந்த நான்கில் திமில்மூக்கன் இல்லை. குதிரையின் ரத்தம் பார்த்தே இராத விஷத்துக்கு அதில் எதிர்ப்பொருள் எப்படி இருக்கும்?

எனவே திமில்மூக்கனின் கடிக்கு மருத்துவம் என்பது கவனிப்புதான். ரத்தம் உறைகிறதா என்று மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதிப்பது, சிறுநீரின் அளவைக் குறித்துவருவது, தேவைப்பட்டால் ரத்தப் பிளாஸ்மா ஏற்றுவது, சிறுநீரகம் தளர்ந்தால் டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்குத் தாமதமின்றி அனுப்புவது. கடி எங்கே நடந்தது என்ற தகவல் இதற்கெல்லாம் முதல் துப்பு. ஆயிரம் மீட்டருக்கு மேலே ஈரத் தோட்டத்தில் ஒரு முழப் பழுப்புப் பாம்பு கடித்ததென்றால், அது சுருட்டை விரியனாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆண்டிபட்டிக் கரட்டில் ஆடு மேய்க்கும்போது கடித்ததென்றால், திமில்மூக்கனாக இருக்க வாய்ப்பில்லை. செத்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவருவதைவிட, "கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில், சருகை விலக்கும்போது, காலை பத்து மணிக்கு" என்ற ஒரு வரி மருத்துவருக்குக் கூடுதலாக உதவும்.

மலையில் பச்சை விரியன்களும் உண்டு. மரக்கிளையிலும் தேயிலைச் செடியிலும் சுருண்டு கிடக்கும் குழிவிரியன்கள் அவை. மலபார்க் குழிவிரியன் பச்சை, மஞ்சள், பழுப்பு, ஆரஞ்சு என்று ஒரே இனத்துக்குள் பல நிறங்களில் வரும். உயரமான சோலைக்காடுகளில் பெரிய செதில்களோடு அடர்பச்சையாக இன்னொன்று. 2021-இல் வந்த மரபணு ஆய்வு, ஒவ்வொன்றும் ஒரே இனம் என்று எண்ணிவந்த இந்தக் குழிவிரியன்களுக்குள் தனித்தனி இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பதும் தெற்கே இருப்பதும் ஒன்றல்ல.

தேனி மாவட்டத்துக்கென்றே ஒரு விரியன் கதையும் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாத கதை. 1940-களில் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டங்களில் வேலைபார்த்த ஆங்கஸ் ஹட்டன் என்ற ஆங்கிலேயர், ஓய்வு நேரமெல்லாம் காட்டைக் கவனிப்பதில் செலவிட்டார். நடுவாறு தோட்டத்தில், 5,200 அடி உயரத்தில், அவருக்கு இரண்டு குழிவிரியன் குட்டிகள் கிடைத்தன. தெரிந்த எந்த இனத்தோடும் அவை பொருந்தவில்லை. லண்டனில் இருந்த ஊர்வன அறிஞர் மால்கம் ஸ்மித் அவற்றை ஆராய்ந்து, 1949-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் புதிய இனமாக அறிவித்து, ஹட்டனின் பெயரையே வைத்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தப் பாம்பு யார் கையிலும் சிக்கவில்லை.

1998-இல் பாட்ரிக் டேவிட், கெர்னாட் ஃபோகல் என்ற இரண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் அந்தக் குட்டிகளை மறுபடி எடுத்துப் பார்த்து, அவை டிராபிடோலேமஸ் என்ற வேறொரு பேரினத்தைச் சேர்ந்தவை என்றார்கள். அந்தப் பேரினத்தின் மற்ற உறுப்பினர்கள் வாழ்வது தென்கிழக்கு ஆசியாவில். பினாங்குத் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான பாம்புக் கோயிலில் கிளைகளில் அசையாமல் கிடக்கின்றனவே, அவையும் அந்தப் பேரினம்தான். அவற்றின் உறவு ஒன்று சின்னமனூருக்கு மேலே இருக்கும் மலையில் வாழ்கிறது என்றால் அது சாதாரணச் செய்தியல்ல.

ஹட்டனின் கண்ணுக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1948-இல் அதே மலையில் அவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண இனம் என்ற சீட்டோடு பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத புதிய பேரினம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். சரியாகப் பார்க்கப்படாத ஒரு உயிர் கால் நூற்றாண்டு தவறான பெயரில் கிடக்க முடியும். அந்தக் காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அங்கே புலியைத் தேடும் கண்கள் சருகையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வெளியான விரிவான ஆய்வு கணக்கிட்டது. கிராமத்து ஏழைகள், உழைக்கும் வயதில் இருப்பவர்கள், மழைக்காலம்: சாவு இந்த மூன்றையும் சுற்றியே நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைக்கும் இலக்கோடு இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும். அந்தக் கணக்கில் பாம்பின் பெயரும், கடி நடந்த இடத்தின் உயரமும் சேர்ந்து வந்தால்தான், எந்த விஷத்துக்கு மருந்து செய்ய வேண்டும் என்று கேட்க நம்மிடம் ஆதாரம் இருக்கும்.

கடிபட்டவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. கயிறு கட்டக் கூடாது. விரியன் விஷம் ஏற்கெனவே சதையை அரிக்கிறது, கட்டினால் அந்த இடத்திலேயே தேங்கி விரலோ காலோ போகும். பிளேடால் கீறினால் உறையாத ரத்தம் நிற்காமல் ஓடும். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கையை அல்லது காலை எலும்பு முறிந்தால் செய்வது போல ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது அடிக்கடி நடக்கிறது. தள்ளி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம். திமில்மூக்கனுக்கு மருந்தில்லை என்று படித்துவிட்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது மிகப் பெரிய தவறு. கடித்தது எது என்று முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. கண்ணாடி விரியனாகக்கூட இருக்கலாம்.

ஆண்டிபட்டிப் பக்கம் வீட்டை ஒட்டி விறகும் கல்லும் குவித்து வைத்திருப்பவர்கள், இரவில் அதில் கைவைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் சருகைக் குச்சியால் விலக்குங்கள். யாரையாவது பாம்பு கடித்தால் 108-க்குச் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்த்ததும் எந்த ஊர், எந்தத் தோட்டம், எத்தனை மணி என்பதை முதலில் சொல்லுங்கள். மருந்து தயாரிப்பவர்களிடமும் அதற்கு அனுமதி தரும் அரசிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தமிழ்நாட்டு, கேரளத்து மலைத் தோட்டங்களில் உழைப்பவர்களுக்காக, திமில்மூக்குக் குழிவிரியனின் விஷத்துக்கும் ஒரு முறிவு மருந்து செய்யுங்கள்.